ஓர்லேயான்: ஒரு பெயர் நடந்த வழி



பிரெஞ்சு வரலாற்றைப் படிக்கப் புகுந்த எவரையும் ஒரு பெயர் விடாமல் துரத்தும். அது ஓர்லேயான். லுவார் ஆற்றங்கரையில் பாரிசுக்குத் தெற்கே சுமார் 120 கிலோமீட்டரில் இருக்கும் நகரத்துக்கு அந்தப் பெயர். பிரெஞ்சு மன்னர்களின் தம்பிகளும் இளைய மகன்களும் சுமந்த டியூக் பட்டத்துக்கும் அதே பெயர். கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் ஒரு தீவு, மிசிசிப்பியின் வளைவில் நியூ ஆர்லியன்ஸ், அமெரிக்காவின் கேப் காட் கடற்கரையில் ஒரு சிற்றூர் என்று அது கடல் தாண்டியும் போனது. நம் சென்னைக் கடலின் அடியிலும் அந்தப் பெயர் தாங்கிய கப்பல் ஒன்று கிடக்கிறது. இந்தப் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் போர்கள் 451இல் தொடங்கி 1918 வரை நீளுகின்றன.

ஒரே பெயர் பல இடங்களில் தென்பட்டால் உறவுமுறை தேடுவது மனித இயல்பு. நான் இரண்டு கேள்விகளைக் கேட்க விரும்புகிறேன். இந்தப் பெயரை ஓர் இடத்தில் கொண்டுவந்து வைத்தவர் யார், யார் மனம் குளிர வைத்தார்? வைத்த பிறகு அந்த மண்ணுக்காக அடியும் உதையும் பட்டவர்கள் யார்? இந்த இரண்டு கேள்விக்கும் ஒரே விடை வந்த இடம் ஒன்றுகூட எனக்குத் தென்படவில்லை. என் உரை முழுவதும் இதைத்தான் சொல்லப்போகிறது.

முதலில் நகரத்துக்கு வருவோம். ரோமானியருக்கு முன் அது கார்நூட்டி என்ற கால் (Gaul) இனத்தாரின் ஊர், பெயர் செனபும். லுவார் ஆறு தன் போக்கில் வடக்கே மிக மேலே ஏறி வளையும் இடம் அது. படகுத்துறையும் பாலமும் இருந்ததால் தானிய வணிகம் அங்கே குவிந்தது. கி.மு. 52இன் தொடக்கத்தில் கார்நூட்டியர் கிளர்ந்தெழுந்து ஊரிலிருந்த ரோமானிய வணிகர்களைக் கொன்றார்கள். சீசரின் தானியக் கொள்முதலைக் கவனித்துவந்த ஃபூஃபியுஸ் சீட்டாவும் கொல்லப்பட்டார். விடியலில் நடந்த இந்தக் கொலைகளின் செய்தி, வயலுக்கு வயல் குரல் கொடுத்துக் கடத்தப்பட்டு, அன்றிரவு முதல் சாமம் முடிவதற்குள் 160 மைல் தொலைவிலிருந்த ஆர்வெர்னியர் நாட்டை எட்டிவிட்டது என்று சீசரே எழுதிவைத்திருக்கிறார். வெர்சிஞ்செட்டோரிக்ஸ் தலைமையிலான பெருங்கிளர்ச்சி அங்கிருந்துதான் மூண்டது. சீசர் திரும்பி வந்து செனபுமைக் கொள்ளையிட்டு எரித்தார். அந்தச் சாம்பலின் மேல் எழுந்த ஊர் பின்னாளில் பேரரசர் ஔரேலியனின் பெயரைப் பெற்றது. அவர் ஆண்டது 270 முதல் 275 வரை, ஐந்தே ஆண்டு. ஆக, இந்தப் பெயர் பிறந்ததே ஆள்பவருக்குச் சூட்டிய மாலையாகத்தான்.

451இல் ஹூணர் தலைவன் அட்டிலா ஊரை முற்றுகையிட்டதும், ஆயர் ஏன்யான் மக்களைத் தைரியப்படுத்தி ரோமானியத் தளபதி ஏத்தியுஸின் படை வரும்வரை தாக்குப்பிடிக்கச் செய்ததும் ஊரின் பெரிய கதைகள். அதன்பின் பிராங்கிய மன்னர் குளோவிஸ் கூட்டிய திருச்சபை மன்றம், மெரோவிங்கிய இளவரசர்களின் தலைநகர், 1306இல் திருத்தந்தையின் ஆணையால் பல்கலைக்கழகம் என்று அந்த ஊருக்குப் பல முகங்கள் வந்தன. அவற்றையெல்லாம் தாண்டி 1344க்கு வருகிறேன். அந்த ஆண்டு மன்னர் ஆறாம் பிலிப் தம் இளைய மகனுக்காக ஓர்லேயானை டியூக் ஆட்சிப்பகுதியாக ஆக்கினார். நகரப் பெயர் ஒரு மனிதரின் பெயராக மாறியது அப்போதுதான். அன்றுமுதல் அந்தப் பெயருக்குக் கால் முளைத்துவிட்டது என்று சொல்லலாம். ஊர் நகராது, பட்டம் நகரும். பட்டம் பெற்றவர் பாரிசில் இருப்பார், போர்க்களத்தில் இருப்பார், சிறையிலும் இருப்பார். ஓர்லேயானில் மட்டும் அரிதாகத்தான் இருப்பார்.

1392இல் இந்தப் பட்டம் மனநோயால் அவதிப்பட்ட ஆறாம் சார்லஸ் மன்னரின் தம்பி லூயிக்கு வந்தது. அதிகாரப் போட்டியில் அவருக்கு எதிரி அவருடைய சிற்றப்பன் மகன், பர்கண்டி டியூக் ஜான். 1407 நவம்பர் 23 இரவு, பாரிசின் பழைய கோயில் தெருவில் லூயியைக் கூலிப்படை வெட்டிக் கொன்றது. கொலைக்கு ஆணையிட்டது தானே என்று சில நாளில் ஜான் ஒப்புக்கொண்டார். அதைக் கொடுங்கோலனை ஒழித்த புண்ணியமாக நியாயப்படுத்த ஓர் இறையியலாளரையும் ஏற்பாடு செய்தார். பிரான்ஸ் இரு கட்சியாகப் பிளந்தது. அந்தப் பிளவைப் பயன்படுத்தி உள்ளே வந்தவர் இங்கிலாந்தின் ஐந்தாம் ஹென்றி. 1415இல் அஜின்கூர் களத்தில் பிணக்குவியலுக்கு அடியிலிருந்து உயிரோடு இழுத்தெடுக்கப்பட்டவர்களில் ஒருவர் கொலையுண்ட லூயியின் மகன், புதிய ஓர்லேயான் டியூக், இருபது வயது சார்லஸ். அவர் இங்கிலாந்தில் 25 ஆண்டு சிறையிருந்தார். பிரெஞ்சு இலக்கியத்தின் மிக நயமான கவிஞர்களில் ஒருவர் அந்தச் சிறையில்தான் உருவானார்.

இந்த நிலையில்தான் 1428 அக்டோபர் 12 அன்று ஆங்கிலேயர் ஓர்லேயானை முற்றுகையிட்டார்கள். பிடிபட்ட பிரபுவின் ஊரைத் தாக்குவது அன்றைய போர்மரபுக்கே இழுக்கு. ஊரின் பெயரைத் தாங்கியவர் கடலுக்கு அப்பால் கைதி; அவர் ஊரைக் காத்துநின்றவர் அவருடைய தந்தைக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்த மகன் ழான். வரலாற்றில் இவருக்கு வெகுகாலம் நின்ற பெயரே ‘ஓர்லேயானின் முறைபிறழ்ந்த மகன்’ என்பதுதான். அதைப் பட்டப்பெயராகவே பெருமையோடு ஏற்று அவர் கையெழுத்திட்டார். பட்டம் இல்லாதவர் பட்டத்துக்குரிய ஊரைக் காத்தார்.

ஜோன் ஆஃப் ஆர்க் 1429 ஏப்ரல் 29 அன்று ஊருக்குள் வந்தார். அவர் லொரேன் எல்லையில் தோம்ரெமி என்ற சிற்றூரில் பிறந்த உழவர் மகள். ஓர்லேயானை அதற்குமுன் கண்ணால் கண்டதில்லை. மே 7ஆம் நாள் நடந்ததைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஆற்றின் தென்கரையில், பாலத்தின் முனையிலிருந்த இரட்டைக் கோபுரக் கோட்டை ஆங்கிலேயர் கையில் இருந்தது. காலையிலிருந்து தாக்குதல். ஏணி சாத்தப் போன ஜோனுக்குக் கழுத்துக்கும் தோளுக்கும் இடையே அம்பு தைத்தது. மாலையில் படையைத் திருப்பிக்கொள்ளலாம் என்று ழான் முடிவெடுத்தார். ஜோன் பொறுக்கச் சொல்லி, தனியே ஒரு திராட்சைத் தோட்டத்துக்குள் போய்ச் சற்று நேரம் செபித்துவிட்டு வந்து கொடியைக் கையில் எடுத்தார் என்று ழானே பிற்காலத்தில் சாட்சி சொன்னார். அதே நேரத்தில் நகரத்துப் பக்கமிருந்து இன்னொரு வேலை நடந்தது. பாலத்தின் வளைவுகளை ஏற்கெனவே இடித்திருந்தார்கள். ஊர்த் தச்சர்கள் பழைய மரத் தூம்பு ஒன்றைத் தூக்கிவந்து இடைவெளிமேல் போட்டார்கள். நீளம் போதவில்லை. இன்னொரு மரத்தை அதோடு ஆணியடித்து நீட்டி, கீழே முட்டுக் கொடுத்தார்கள். அந்த ஒடுங்கிய மரத்தின்மேல் கவசம் பூண்ட வீரர்கள் ஒருவர்பின் ஒருவராக நடந்து கோட்டைக்குள் குதித்தார்கள். இரு பக்கமும் நெருக்கப்பட்ட ஆங்கிலத் தளபதி கிளாஸ்டேல் ஆற்றில் விழுந்து கவசத்தின் கனத்தால் மூழ்கினார். மறுநாள் ஞாயிறு, மே 8. ஆங்கிலேயர் முற்றுகையை விட்டுக் கிளம்பினார்கள்.

அந்தத் தச்சர்களின் பெயர் ஊரறியப் பாடப்படவில்லை. ஜோனுக்கு ‘ஓர்லேயான் கன்னி’ என்ற பெயர் நிலைத்தது. அவர் அந்த ஊரில் தங்கியது சில நாள்களே. ஆனாலும் அந்தப் பெயரைத் தாங்கிய அத்தனை டியூக்குகளையும்விட அவருக்கே அது பொருந்துகிறது என்பது என் உறுதியான எண்ணம். கைதியாக இருந்த டியூக்கை இங்கிலாந்திலிருந்து மீட்பதும் தம் கடமைகளில் ஒன்றென அவர் நினைத்திருந்தார். 1431 மே 30 அன்று ரூவான் நகரில் அவரை எரித்தார்கள். டியூக் விடுதலையானது 1440இல்.

பெயரின் கடல் தாண்டிய பயணம் பிரெஞ்சு மாலுமி ழாக் கார்த்தியேவோடு தொடங்குகிறது. 1535இல் கியூபெக் அருகே காட்டுத் திராட்சை மண்டிய தீவொன்றைக் கண்டு அதற்கு மதுக்கடவுள் பாக்கஸின் பெயரைச் சூட்டினார். சீக்கிரமே அரசரின் மகனை மகிழ்விக்க அது ஓர்லேயான் தீவாயிற்று. 1650களில் போரில் நாடிழந்த வெந்தாத் பழங்குடி மக்கள் அங்கே தஞ்சம் புகுந்தார்கள். 1656இல் மொஹாக் படை வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்களைத் தாக்கியது. பலரைக் கொன்றும் சிறைபிடித்தும் கொண்டுபோனது. 1759இல் ஜெனரல் உல்ஃபின் ஆங்கிலப் படை கியூபெக்கைப் பிடிக்கப் போகும்முன் கூடாரமடித்ததும் அதே தீவில்தான்.

இனி மிசிசிப்பி. பதினான்காம் லூயி 1715இல் இறந்தபோது அரியணைக்கு உரியவர் ஐந்து வயதுச் சிறுவன். ஆட்சிப் பொறுப்பு ஓர்லேயான் டியூக் பிலிப்பின் கைக்கு வந்தது. கஜானா காலி. ஜான் லா என்ற ஸ்காட்லாந்துக்காரர் காகிதப் பணமும் பங்குச் சந்தையும் கொண்டு கடனைத் தீர்த்துவிடலாம் என்று டியூக்கை நம்பவைத்தார். 1717இல் அவர் தொடங்கிய மேற்கு நிறுவனம், மிசிசிப்பிக் கரையில் ஓர் ஊர் அமைக்க வேண்டும், அதற்கு டியூக்கின் பெயர் வைக்க வேண்டும் என்று பாரிசில் உட்கார்ந்து தீர்மானித்தது. ஒரு மரம்கூட வெட்டப்படாத இடத்துக்குப் பெயர் தயார். மறு ஆண்டு பிரெஞ்சு அதிகாரி பியென்வில் அங்கே காடு திருத்தத் தொடங்கினார். அந்த ஆற்றங்கரை பல பழங்குடி மக்கள் கூடி வணிகம் செய்துவந்த புல்பாஞ்சா. அந்தப் பெயரை நிறுவனத்தின் பதிவேட்டில் எழுத யாருக்கும் தோன்றவில்லை.

500 லீவர் முகமதிப்புள்ள பங்கு 10,000 லீவரை எட்டி, 1720இல் சரிந்தது. லா நாட்டைவிட்டு ஓடினார். பணக்கனவு உடைந்த பிறகும் ஊர் நின்றது. 1721இல் பொறியாளர் அத்ரியேன் தெ பொஜே சதுரங்கக் கட்டம்போல் தெரு வரைந்தார். 1722 செப்டம்பரில் வந்த புயல் இருந்த குடிசைகளில் பெரும்பாலானவற்றைச் சாய்த்துவிட்டது. வெற்றிடமான தரையில் அவர் திட்டப்படியே தெருக்கள் அமைந்தன. பூர்போன், தொஃபீன், துலூஸ், கோந்தி என்று அரச குடும்பத்தின் வமிசாவளியே தெருப்பெயராயிற்று. இன்று பிரெஞ்சு குவார்ட்டரில் ஓர்லேயான் தெருவைப் பிடித்து நடந்தால் பர்கண்டி தெரு குறுக்கே வரும். அந்தப் பர்கண்டி, பதினான்காம் லூயியின் பேரன்; 1407இன் கொலைகாரரோடு அவருக்குத் தொடர்பில்லை. இருந்தாலும் அந்த நாற்சந்தியின் பெயர்ப்பலகையை ஒளிப்படத்தில் பார்க்கும்போதெல்லாம் என் மனம் பழைய கோயில் தெருவுக்குப் போய்விடுகிறது.

அந்தத் தெருக்களை மண் வெட்டி, வடிகால் தோண்டி, ஆற்றுக்குக் கரைகட்டி உண்டாக்கியவர்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். முதல் கப்பல்கள் 1719இல் வந்தன. 1731க்குள் ஏறத்தாழ 6,000 பேர். அவர்களைக் கொண்டுவந்தது லாவின் நிறுவனமே. இங்கே நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1719இல் லா தம் நிறுவனத்தோடு பழைய கிழக்கிந்திய நிறுவனத்தையும் இணைத்தார். ஆகவே 1731 வரை புதுச்சேரியையும் நியூ ஆர்லியன்ஸையும் நிர்வகித்தது ஒரே முதலாளி. நம் நெசவாளர் நெய்த துணி மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் அடிமைகளை வாங்கும் சரக்காகப் போன காலம் அது. புதுச்சேரி வரலாறு எழுதுவோர் இந்தக் கணக்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தொடக்கத்தில் குறிப்பிட்ட சென்னைக் கப்பலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக் கப்பற்படைத் தளபதி லா பூர்தொன்னே சென்னையைப் பிடித்தார். அந்த நாள்களின் பரபரப்பையும், புதுச்சேரி ஆளுநர் துப்ளேக்கும் அவருக்கும் மூண்ட பிணக்கையும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் காணலாம். அக்டோபர் 13 இரவு சென்னைத் துறைக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த கப்பற்படையைப் புயல் அடித்தது. மூழ்கியவற்றில் ஒன்றின் பெயர் டியூக் தொர்லேயான். அப்போது அந்தப் பட்டத்துக்குரியவர் அரசியலை வெறுத்துப் பாரிசில் ஒரு மடத்தில் ஒதுங்கி வாழ்ந்துகொண்டிருந்தார்.

பட்டத்துக்குரிய குடும்பத்தில் பெயரைத் தாமே கழற்றி வைத்தவர் ஒருவர் உண்டு. பிரெஞ்சுப் புரட்சியின்போது டியூக் லூயி பிலிப் ஜோசப் பட்டத்தைத் துறந்து, 1792இல் ‘சமத்துவம்’ என்பதைத் தம் குடும்பப்பெயராக வைத்துக்கொண்டார். தம் உறவினரான பதினாறாம் லூயிக்கு மரண தண்டனை கேட்டு வாக்களித்தார். 1793 நவம்பரில் அவர் தலையும் அதே கில்லட்டின் எந்திரத்தில் விழுந்தது. நான்கு ஆண்டு கழித்து, 1797இல், கேப் காட்டின் ஓர் ஊர் தனி ஊராட்சியானபோது ஆர்லியன்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டது. அவர் நினைவாகத்தான் என்பது ஊர் வழக்கு. 1918 ஜூலை 21 அன்று ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று அந்தக் கடற்கரைக்கு எதிரே ஓர் இழுவைப்படகையும் சரக்குத் தோணிகளையும் சுட்டபோது சில குண்டுகள் கரையில் விழுந்தன. கில்லட்டினுக்குப் போனவரின் மகன் லூயி பிலிப் நாடுகடந்து திரிந்த காலத்தில், 1798இல், நியூ ஆர்லியன்ஸுக்கும் வந்தார். குடும்பப்பெயர் கொண்ட அந்த ஊர் அப்போது ஸ்பெயின் வசம். அவர் 1830இல் பிரெஞ்சு மன்னரானார், 1848இல் விரட்டப்பட்டார். 1870இல் ஜெர்மானியர் பழைய ஓர்லேயானை அக்டோபரில் பிடித்து, நவம்பரில் இழந்து, டிசம்பரில் மீண்டும் பிடித்த கதையை இந்த ஒரு வரியோடு விடுகிறேன்.

நான் நின்று பேச விரும்புவது நியூ ஆர்லியன்ஸின் இரண்டு ஜனவரி 8களைப் பற்றி. ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது. 1815 ஜனவரி 8 காலை, நகரத்துக்குச் சற்றுக் கீழே ஷல்மெத் கரும்புத் தோட்டத்தில் அமெரிக்கத் தளபதி ஆண்ட்ரூ ஜாக்சனின் படை ஆங்கிலேயரைத் தோற்கடித்தது. ஆங்கிலத் தளபதி பாகென்ஹாம் களத்தில் விழுந்தார். ஆங்கிலேயத் தரப்பில் இறந்தவர், காயமுற்றவர், பிடிபட்டவர் சேர்ந்து ஏறத்தாழ 2,000 பேர். அமெரிக்க இழப்பு மிகச் சொற்பம். சமாதான ஒப்பந்தம் இரண்டு வாரம் முன்பே கென்ட் நகரில் கையெழுத்தாகியிருந்தது. செய்தி கடல் கடந்து வரவில்லை. ஜாக்சனின் வெற்றி என்று எழுதப்படும் இந்தப் போரில் மண்மதில் எழுப்பியதில் தோட்டங்களிலிருந்து வரவழைத்த அடிமைகளின் உழைப்பு இருக்கிறது. அடிமைகளல்லாத கறுப்பினத்தாரின் இரு பட்டாளங்கள் நின்றன. சொக்தாவ் வீரர்கள் நின்றனர். லாஃபீட்டின் கடற்கொள்ளையர் பீரங்கி இயக்கினர். படைமுரசு அடித்த ஜோர்டன் நோபிள் பதின்ம வயது அடிமைச் சிறுவன்.

மற்றொன்று அதற்குச் சரியாக நான்கு ஆண்டு முன்பு. 1804 முதல் 1812 வரை இன்றைய லூசியானாவின் அரசாங்கப் பெயரே ஆர்லியன்ஸ் பிரதேசம். 1811 ஜனவரி 8 இரவு, நகரத்துக்கு மேலே ஆற்றோரக் கரும்புத் தோட்டங்களில் சார்லஸ் டெலோன்ட் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தார்கள். கரும்பு வெட்டும் கத்தியும் சில துப்பாக்கிகளுமாக, நூற்றுக்கணக்கானோர் முரசறைந்து நியூ ஆர்லியன்ஸை நோக்கி அணிவகுத்தார்கள். அமெரிக்க மண்ணில் நடந்த மிகப் பெரிய அடிமைக் கிளர்ச்சி இதுவே. தோட்ட முதலாளிகளின் படையும் அரசுப்படையும் இரண்டே நாளில் அதை நசுக்கின. விசாரணை என்ற பெயரில் தண்டனை நிறைவேற்றி, தலைகளைக் கம்பங்களில் செருகி ஆற்றங்கரை நெடுக நட்டார்கள். ஓர்லேயான் என்ற பெயரோடு சேர்த்து நான் இதுவரை சொன்ன போர்களிலெல்லாம் தங்களுக்காகவே போரிட்டவர்கள் இவர்கள்தான். போர்களின் பட்டியலில் இந்தக் கிளர்ச்சி நெடுங்காலம் இடம்பெறவில்லை. அது இடம்பெற வேண்டும் என்று இந்த மேடையில் அழுத்தமாகச் சொல்கிறேன்.

ஷல்மெத் களத்தின் பிற்காலக் கதையும் சேரவேண்டியது. அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்தபின், அந்தப் போர்க்களத்தின் ஒரு துண்டு நிலத்தைக் கறுப்பினத்தவரான ழான் பியேர் ஃபசாந்த் மனைகளாகப் பிரித்து, விடுதலை பெற்ற மக்களுக்கு விற்றார். ஒற்றைத் தெரு ஊர் உருவாயிற்று. ஃபசந்வில் என்பது அதன் பெயர். இந்த வரலாறு முழுவதிலும் ஊரை உண்டாக்கியவரின் பெயரையே ஊர் பெற்றது இங்கே ஒன்றில்தான். பள்ளி இருந்தது, போர்க்களத் தேவாலயம் என்றே பெயர் கொண்ட பாப்டிஸ்ட் தேவாலயமும் இருந்தது. ஏறக்குறைய நூறாண்டு அங்கே குடும்பங்கள் வாழ்ந்தன. 1815 வெற்றியின் 150ஆம் ஆண்டு நெருங்கியபோது, களத்தை அன்றிருந்தபடி காட்ட வேண்டும் என்று 1960களில் அரசு நிலத்தைக் கையகப்படுத்தி வீடுகளை அகற்றியது. கறுப்பினப் பட்டாளங்கள் நின்று காத்த வெற்றியைக் கொண்டாடக் கறுப்பினத்தாரின் ஊர் போயிற்று. நினைவைப் போற்றுவதாகச் சொல்லிச் செய்யப்பட்ட இந்த அநியாயத்தை நான் வேறு எந்தச் சொல்லாலும் மென்மையாக்க விரும்பவில்லை.

வெளியேற்றப்பட்டவர்களில் பலர் பக்கத்திலேயே நியூ ஆர்லியன்ஸின் கீழ் ஒன்பதாம் வட்டத்தில் குடியேறினார்கள். தேவாலயத்தையும் அங்கேயே கொண்டுபோனார்கள். 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயலில் தொழிற்கால்வாயின் தடுப்புச்சுவர் உடைந்தபோது முதலில் வெள்ளம் பாய்ந்த பகுதிகளில் ஒன்று அந்த வட்டம். இந்த இரண்டு வெளியேற்றங்களையும் சேர்த்துப் பார்த்து லூசியானா அரசுப் பல்கலைக்கழகத்தின் ஜாய்ஸ் மேரி ஜாக்சன் 2006இல் ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார். ஃபசந்வில் மக்களின் நினைவுகளிலிருந்து திரட்டியது அது. இங்கிருக்கும் வரலாற்று மாணவர்கள் அதைத் தேடிப் படிக்க வேண்டும். படித்தபின் நம்மூரில் நினைவுச் சின்னத்தின் பெயரால் அகற்றப்பட்ட குடியிருப்புகளின் கதையைக் கேட்டு எழுதப் புறப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.